பொட்டு வைத்த கேக்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் அக்காவின் கல்யாண ஆல்பத்தைத் தரையில் விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சின்னவள் ஒரு படத்தில் விரலை வைத்து, "ஏம்பா, கேக்குக்கு யாருப்பா பொட்டு வச்சது?" என்று கேட்டாள். உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியவன், "ஆயுத பூஜ கேக்குடி அது" என்று சொல்லி உருண்டு உருண்டு சிரித்தான்.

வைத்தது நான்தான். ஏன் வைத்தேன், அதனால் என்ன ஆனது என்பதை வாயால் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், நானும் மிச்சத்தை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள்.

அக்கா பன்னெண்டாவது முடித்ததும் டவுனில் கடற்கரைப் பக்கத் தெருவில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். முதல் வருஷம் முழுக்க தட்டுதான் கழுவினாள். அப்புறம் மாவு சலித்தாள். நாலாவது வருஷம் அவள்தான் கேக்குக்கு மேல் பூப்போடுகிறவள். ஒருநாள் தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறைக்கு விடுமுறை. அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து நின்று, கிரீம் அடைத்த பையைப் பிழிந்து கேக்கின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் கோடு சேர்ந்தபோது சேர்ந்த இடமே தெரியவில்லை. இருபத்தஞ்சு வருஷமாக லேத்து மெஷினில் நிற்கிறவன் நான். நடுங்காத கை எது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டை அங்கேயே வைத்துவிட்டு, அவளைக் கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் பாகூர் பக்கத்திலிருந்து, இன்றைக்கு நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவரின் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நெல்லு, கரும்பு போடுகிற குடும்பம். மாமா டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறார். அக்காவுக்குப் பிடித்திருந்தது, எங்களுக்கும் பிடித்திருந்தது.

நிச்சயத்தன்று அவர்கள் வீட்டில் தாம்பூலம் மாற்றி முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மாமாவின் அம்மா, எனக்குச் சம்பந்தியம்மா, சாதாரணமாகத்தான் சொன்னார்கள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு அப்புறம் அந்த முட்ட ஒடைக்கிற வேல வேணாம். எங்கூட்ல மாடு கெடக்கு, நெலம் கெடக்கு. பொண்ணு டவுனுக்கு ஓடி ஓடி என்னா பண்ணப் போவுது?"

மாமா வாயைத் திறந்தார். அவருடைய அப்பா ஒரு பார்வை பார்த்தார். மாமா திறந்த வாயில் காபியை ஊற்றிக்கொண்டார். அக்கா தட்டிலிருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானாவது பேசியிருக்க வேண்டும். பெண் கொடுக்கிற இடம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

நிச்சயம் முடிந்து நெல்லித்தோப்பில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ரெண்டு நாள் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ரிசப்ஷன்ல ஒரு கேக்கு வைக்கணும். நான் செய்றேன்."

"எதுக்கும்மா? அவங்கதான் அந்த வேலையே வேணான்றாங்களே."

"நான் செஞ்சத அவங்கள்ல ஒருத்தர் கூட சாப்ட்டதில்லப்பா. சாப்ட்டுட்டு வேணாம்னு சொல்லட்டும்."

அன்றைக்கு முழுக்க லேத்து ஓடிய சத்தத்தில் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கேட்டது. சாயங்காலம் முடிவு பண்ணிவிட்டேன். அந்தக் கேக் மேடைக்கு வந்தே ஆக வேண்டும். நிச்சயத்தில் ஆட்டிய தலைக்கு வேறு பிராயச்சித்தம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அது என் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை மாப்பிள்ளை வீடுதான் எடுத்து நடத்தும். மண்டபம், பந்தி, பந்தியில் என்ன பரிமாறுவது எல்லாம் அவர்கள் முடிவு. பெண் வீட்டுக்காரன் முதல் நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். அன்றைக்கே ரிசப்ஷன், மறுநாள் காலையில் தாலி. அதனால் கேக்குக்காக நான் பஸ் ஏறிப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஒரு தடவை இல்லை, மூணு தடவை.

முதல் தடவை போனபோது அவர்கள் வீட்டுக் கூடத்தில் சமையல் மாஸ்டர் உட்கார்ந்து இனிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மக்கன் பேடா போட்ருவோம்மா, வாயில வச்சா கரையும்" என்றார். சம்பந்தி, "எங்கல்யாணத்துக்கு ஜாங்கிரிதான், எம்மவன் கல்யாணத்துக்கும் ஜாங்கிரிதான்" என்றார். "பசங்களுக்கு ஐஸ்கிரீம் எழுதிக்குங்க, இல்லன்னா கல்யாணத்தையே ஒத்துக்க மாட்டாங்க" என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். அந்தச் சந்தடியில் நான் மெதுவாகக் கேக்கை நுழைத்தேன்.

"கேக்கா? என்னா சம்பந்தி, புள்ளைக்குக் கல்யாணமா, பொறந்த நாளா?" என்றார் சம்பந்தி. "மெழுகுவத்தி ஊதணுமா? தொப்பி போட்டுக்கணுமா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. "டவுன்ல சர்ச்சுல கல்யாணம் பண்றவங்க வைப்பாங்க, அழகாத்தான் இருக்கும். நமக்கு அன்னிக்கு சனிக்கிழம அண்ணே. எங்க ஆளுங்க பாதிப் பேரு பெருமாளுக்கு விரதம். முட்ட போட்டத எவன் தொடுவான்?" என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "முட்ட இல்லாமயும் வரும்ப்பா, தயிர் போட்டுப் பண்ணணும்" என்றாள். சொன்ன மாதிரி சுலபமாக வரவில்லை. பேக்கரி வேலை முடிந்து வந்து வீட்டில் இருக்கிற சின்ன கரண்ட் ஓவனில் செய்து செய்து பார்த்தாள். முதல் நாலிலும் நடுவில் குழி விழுந்தது. அந்த நாலையும் தின்றது யார் என்று ரெண்டு பேரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அஞ்சாவது நிமிர்ந்து நின்றது.

ரெண்டாவது தடவை துணைக்கு இருக்கட்டும் என்று உங்கள் அத்தையை, என் அக்காவை, கூட்டிக்கொண்டு போனேன். முட்டையே கிடையாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தை குறுக்கே வந்தாள்.

"தம்பி, கேக்குன்னா கத்தியால வெட்டுவாங்க இல்ல? தாலி ஏறுறதுக்கு முன்னாடி பொண்ணு மாப்ள கையில கத்தியக் குடுப்பாங்களாடா?"

அவ்வளவுதான். நான் அழைத்துப் போன ஆளே எனக்கு எதிர்க்கட்சி. சம்பந்தியம்மா, "அப்படிச் சொல்லுங்கண்ணி" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரெண்டு பேரும் அன்றைக்கு ஒன்று சேர்ந்தவர்கள்தான், இன்றைக்கு வரைக்கும் பிரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அத்தை, "கோவமாடா?" என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அதே யோசனை. தாலி கட்டின பிறகு வெட்டலாம் என்றால், ராத்திரி முழுக்க வைத்திருக்க முடியாது, கிரீம் புளித்துவிடும் என்றாள் அக்கா. ஒருநாள் சாயங்காலம் அவள் ஆறாவது கேக்கை மேடு பள்ளம் இல்லாமல் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். கத்தி எடுக்கவில்லை. பூ கட்டுகிற நூலை ரெண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, கேக்குக்குள் விட்டு, மெதுவாக இழுத்தாள். மேல் பாகம் தனியாக வந்துவிட்டது. உதிரக்கூட இல்லை.

"கத்தி வேணாமாம்மா?"

"நூல்லதான்ப்பா சுத்தமா வரும். பேக்கரில இப்படித்தான் பண்ணுவோம்."

"பொண்ணு ஒரு முனை, மாப்ள ஒரு முனை புடிச்சா?"

அக்கா நூலைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நிச்சயத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூணாவது தடவை போய் நூல் கதையைச் சொன்னேன். முன்னாடியே அத்தையிடம் கேட்டிருந்தேன், "கத்திதான கூடாதுன்னேன், பூ நூல்ல என்னா குத்தம்?" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"சரிண்ணே. எலையில ஜாங்கிரிதான். கேக்கு மேடைக்கிப் பக்கத்துல ஒரு மேசையில இருக்கட்டும். வேணும்றவங்க எடுத்துக்கட்டும். ஆனா பாருங்க, நம்ம ஜனம் தொடாது. அப்பிடியே மீந்து நிக்கும். பொண்ணுக்குத்தான் மனசு ஒடையும்."

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் வாயை நான் பிடிக்கவில்லை.

"மீந்துச்சுன்னா எம்பொண்ணு அந்த வேலைக்குப் போவ மாட்டாம்மா. மிஞ்சலன்னா போவா. நீங்க தடுக்கக் கூடாது."

சம்பந்தி தொடையைத் தட்டி, "பந்தயம்!" என்றார். சம்பந்தியம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்கள்.

பெரிய காரியம் சாதித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் வேலைய நீங்க எப்படிப்பா பந்தயம் வச்சீங்க? என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா? அவங்க வேணாம்னு சொன்னாங்க. நீங்க தூக்கிச் சூதாட்டத்துல வச்சிட்டீங்க. ரெண்டுல எது பெரிசு?"

எட்டு நாள் அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், "அம்மா, கேக்கு வைக்க ஸ்டாண்டு வேணும், அடி வட்டம் பதினாலு இஞ்சுன்னு அவருகிட்ட சொல்லு" என்பாள். உங்கள் அம்மா என் பக்கம் திரும்பி, "ஏங்க, பதினாலு இஞ்சாம்" என்பாள். எனக்குக் காது கேட்காதது போல.

ஸ்டாண்டை நான் செய்தேன். பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எவர்சில்வர் தகட்டில் மூணு அடுக்கு. தட்டு ஆடக் கூடாது என்று நடுத்தண்டை மூணு தடவை கழற்றித் திரும்பக் கடைந்தேன். தண்ணீர் நிரப்பிய டம்ளரை மேல் தட்டில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த பாஷை அதுதான். அக்கா அதைச் சுற்றிப் பார்த்தாள், விரலால் ஒரு தட்டு தட்டினாள், "நல்லா இருக்குப்பா" என்றாள். எட்டு நாளைக்குப் பிறகு அந்த ஒரு "ப்பா."

ரிசப்ஷன் அன்றைக்கு மத்தியானம் ஒரு சின்ன லோடு வண்டியில் கேக்கை மூணு பெட்டியாக ஏற்றி, ஐஸ் கட்டி சுற்றி வைத்து, நானும் அக்காவோடு பேக்கரியில் வேலை செய்கிற பெண்ணும் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் உயிர் ஒரு தடவை போய் வந்தது. அந்தப் பெண் மூணையும் ஸ்டாண்டில் ஏற்றி, பூ, இலை எல்லாம் சரி பார்த்துவிட்டு, "நான் போய் அக்காவுக்குப் பூ வைக்கிறேன், நீங்க ஈ உக்காராம பாத்துக்குங்கப்பா" என்று மணமகள் அறைக்குப் போனாள். வெள்ளை வெளேரென்று மூணடுக்கு. பக்கத்தில் நான் மட்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். புதுசாக ஒரு சாமான் செய்து முடித்தால், வெளியே போகும் முன்னாடி அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்போம். மெஷினுக்கும் வைப்போம், வண்டிக்கும் வைப்போம், ஒரு தடவை புது ஃபேனுக்கும் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்கு இன்னும் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. வாசலில் வரவேற்புத் தட்டில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. தொட்டு வந்து ஸ்டாண்டின் விளிம்பில் வைத்தேன். விரலில் இன்னும் மிச்சம் இருந்தது. எப்போதும் விளிம்பில் ஒன்று வைத்தால் முகப்பில் ஒன்று வைப்பது வழக்கம். கை தானாகப் போனது. கீழ் அடுக்குக்கு நட்ட நடுவில், வெள்ளைக் கிரீமின் மேல், ரூபாய் அகலத்துக்குப் பொட்டு.

கையை எடுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமம் ஈரத்தில் இளகி, சிவப்பாக ஒரு கோடு கீழே இறங்க ஆரம்பித்தது.

துடைக்கப் போனேன். துடைத்தால் பரவிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டேன். மண்டபத்தில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மேலே பூவை வைத்து மறைத்துவிட்டு, பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நிச்சயத்தன்று பேசாமல் இருந்ததால் வந்த வினை போதாதா என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு மணமகள் அறைக் கதவைத் தட்டினேன்.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

பாதி அலங்காரத்தில், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு அக்கா வெளியே வந்தாள். கேக்கைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். "தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிரீம் பையை வாங்கி, இறங்கிய கோட்டை ஒரு குச்சியால் வழித்தெடுத்தாள். பிறகு பொட்டைச் சுற்றிக் கிரீமால் வரப்பு கட்டினாள். தண்ணீர் வெளியே போகாமல் வயலுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. வரப்பின் மேல் குட்டி குட்டியாக மல்லிகை மொட்டு போட்டாள். சிவப்பு அதற்குள்ளேயே நின்றது. வளையல் குலுங்கியதே தவிர கை நடுங்கவில்லை.

"இனிமே எதுக்கும் வைக்காதீங்கப்பா. மாப்ளைக்கும் வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜிமிக்கியைப் போட உள்ளே போனாள்.

சாயங்காலம் ரெண்டு பேரும் மேடையிலிருந்து இறங்கி வந்து பூ நூலை ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். மேல் அடுக்கு சத்தமே இல்லாமல் ரெண்டாகப் பிரிந்தது. அத்தைதான் முதலில் கை தட்டினாள். பேக்கரிப் பெண் துண்டு போட்டாள், மொத்தம் இருநூறு வரும். பொட்டு இருந்த துண்டை மட்டும் கீழ் அடுக்கிலேயே விட்டுவிட்டு, மற்றதைத் தட்டில் அடுக்கி வைத்தோம்.

ஒருத்தரும் வரவில்லை. சின்னப் பசங்க ஆறேழு பேர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் நின்று பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், ஜாங்கிரிப் பந்திக்குப் போனார்கள். மேடையிலிருந்து அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாமாவின் பெரியப்பா, நெற்றி நிறைய நாமம் போட்டவர், பந்தி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கீழ் அடுக்கைக் குனிந்து பார்த்தார்.

"பொட்டு வச்சிருக்கே. சாமிக்குப் படைச்சதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சொல்ல வரவில்லை. "இல்லீங்க. முட்ட கெடையாது, அது சத்தியம். ஆனா படைக்கல. பட்டறப் பழக்கத்துல கை தெரியாம வச்சிட்டேன்" என்றேன்.

"கை தெரியாம வச்சாலும் வச்சது வச்சதுதானே" என்றார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார். திரும்பி, "ஏ, இங்க வா, இத சாப்ட்டுப் பாரு" என்று தன் சம்சாரத்தைக் கூப்பிட்டார். அந்த அம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தவர்கள் பொட்டைப் பார்த்து வந்தவர்கள், நான் மறைக்க மாட்டேன். ஆனால் ரெண்டாவது துண்டுக்குத் திரும்பி வந்தவர்கள் பொட்டுக்காக வரவில்லை. சமையல் மாஸ்டர் மூணு தடவை வந்தார்.

பந்தி முடிகிற நேரத்தில் தட்டில் ஒன்றும் இல்லை. ஸ்டாண்டில் ஒரே ஒரு துண்டு நின்றது. பொட்டு இருந்த துண்டு. அதில் கை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சம்பந்தி என் முதுகில் தட்டி, "மீந்துருச்சே சம்பந்தி!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. மேடையில் அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது.

சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். அதுவரை அவர்கள் கேக் பக்கமே வரவில்லை. அந்தத் துண்டைக் கையில் எடுத்தார்கள். மோதிர விரலால் குங்குமத்தைக் கிரீமோடு வழித்து, தன் வகிட்டில் வைத்துக்கொண்டார்கள். மிச்சத்தை நின்றபடியே முழுசாகச் சாப்பிட்டார்கள்.

"தித்திப்பு கம்மி" என்றார்கள். புடவை முனையில் வாயைத் துடைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்து, "ஏ பொண்ணே, காலைல எத்தினி மணிக்கு அங்க நிக்கணும்?" என்று கேட்டார்கள்.

"ஆறரைக்கு அத்தே."

"அப்ப மொத பஸ்ஸு ஒத்து வராது. அது ஊரெல்லாம் சுத்திக்கினு போவும்." மாமாவின் பக்கம் திரும்பினார்கள். "ஏண்டா, நீதான் வண்டில கொண்டுபோய் உடணும். தூங்கிக்கினு கெடக்காத."

மாமா, "சரிம்மா" என்றார். நிச்சயத்தன்று காபியோடு விழுங்கியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா இன்றைக்கும் அந்தப் பேக்கரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஸ்டாண்டு அவளிடம்தான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கு அவளே பொட்டு வைக்கிறாள். என்னைப் பக்கத்தில் விடுவதில்லை.

கல்யாணத்துக்கு மறுவாரம் விருந்துக்கு வந்தபோது அவளிடம் சொன்னேன், பந்தயம் வைத்தது என் தப்பு என்று. ஜெயித்ததால் அது சரியாகிவிடாது. உங்கள் ரெண்டு பேருக்கும் அதையே சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் என்ன வேலை பிடித்துச் செய்வீர்களோ எனக்குத் தெரியாது. அதை ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால் நான் தலையை ஆட்ட மாட்டேன், பந்தயமும் வைக்க மாட்டேன். உங்களைக் கேட்டுவிட்டு, மூணு தடவை என்ன, முப்பது தடவை என்றாலும் பஸ் ஏறிப் போய்ப் பேசுவேன்.